கூழாங்கற்கள் கூறும் வரலாறு

வரலாற்றுக்குச் சான்றுகள் எவை என்று வகுப்பில் வினவினால், கல்வெட்டு, செப்பேடு, காசு, ஓலைச்சுவடி, பிறநாட்டார் எழுதிய குறிப்பு என்று மாணவர்கள் தயக்கமின்றி அடுக்கிச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியே. ஆயினும், இவை யாவும் மனிதன் கைபட்டவை. எழுத்தையோ உருவத்தையோ தாங்கி நிற்பவை. எழுத்தும் இல்லாமல், உருவமும் இல்லாமல், கடல் உருட்டி ஒதுக்கிய வெறும் கூழாங்கல் வரலாற்றுக்குச் சான்றாகுமா? ஆகும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது. அச்சான்றை எப்படிப் படிப்பது, படிக்கும்போது எங்கே இடறி விழ நேரும், படித்து முடித்தபின் அதை என்ன செய்வது என்பனவற்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்து நாட்டின் தென்கரையில் டார்செட் என்று ஒரு கோட்டம் உண்டு. அதன் கடலோரத்தில், வெஸ்ட் பே என்னும் சிறு துறைமுகத்திலிருந்து போர்ட்லண்டு என்னும் பாறைத் தீவு வரையில், ஏறத்தாழ 18 மைல் நீளத்துக்குக் கூழாங்கற்களாலேயே ஆன கரை ஒன்று கிடக்கிறது. செசில் கடற்கரை என்பது அதன் பெயர். செசில் என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் பரற்கற்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆகவே, பரற்கரை என்றே நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அந்நாட்டில் வாழும் என் மகளின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அப்போது அவளும் என் பேரனும் உடன்வர, அக்கரையைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. மெரினாவின் மணலில் நடந்து பழகிய கால்களுக்கு அது முற்றிலும் புதிய நிலம். ஒரு மரமில்லை, குடிசையில்லை, நிழல் என்பதே இல்லை. ஒருபுறம் ஆங்கிலக் கால்வாயின் அலைகள் மோதுகின்றன. மறுபுறம் நம் பழவேற்காட்டை நினைவூட்டும் வண்ணம் அமைதியான காயல் ஒன்று நீண்டு கிடக்கிறது. அதற்குப் பிளீட் என்று பெயர். நடுவே, போர்ட்லண்டை நெருங்கும் பகுதியில், ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்துக்குக் கற்குவியல் மதிலைப் போல எழுந்து நிற்கிறது. அதன்மீது ஏறுவது எளிதன்று. கணுக்கால் வரை கற்களுக்குள் புதைகிறது; மூன்றடி ஏறினால் ஓரடி சறுக்குகிறது. அலை வந்து மோதும் ஓசையைவிட, அது திரும்பிச் செல்லும் ஓசையே காதில் நிற்கும். ஆயிரம் மூட்டைப் புளியங்கொட்டையை ஒருங்கே கல்தரையில் கொட்டினாற் போல, கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கடலை நோக்கி உருள்கின்றன. அங்கே கரை செங்குத்தாகச் சரிந்து ஆழ்கடலில் இறங்குகிறது. திரும்பும் நீரின் இழுப்பு மிகுதி. ஆதலால் கடலில் இறங்குவோர் அரியர்.

இத்தனை கற்கள் எங்கிருந்து வந்தன? இவற்றுள் மிகப் பெரும்பாலானவை, பழங்காலத்து மனிதன் கருவி செய்யப் பயன்படுத்திய சிக்கிமுக்கிக் கல்லும் அதன் இனத்தைச் சேர்ந்த கற்களுமே ஆகும். பனியூழி முடிந்து, உறைந்து கிடந்த நீர் உருகிக் கடல் மட்டம் உயர்ந்தபோது, முன்பு நிலமாக இருந்த பகுதிகளில் கிடந்த கற்களைக் கடல் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. இன்றைய வடிவத்தை இக்கரை பெற்று ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன என்பர் நிலநூல் அறிஞர். இக்காலத்தில் இங்குப் புதிதாக வந்து சேரும் கற்கள் மிகச் சில. முன்னோர் தேடி வைத்த முதலைப் போல, உள்ளதே உள்ளது. புதுவரவு இல்லை என்று சொல்லிவிடலாம். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

இக்கரையின் பெரும்புதுமை கற்களின் ஒழுங்கு. மேற்குக் கோடியில் கற்கள் பட்டாணி அளவில் இருக்கின்றன. கிழக்கே செல்லச் செல்ல அவை சிறிது சிறிதாகப் பருத்து, போர்ட்லண்டு அருகே கோழிமுட்டை அளவையும் கடந்துவிடுகின்றன. சல்லடை வைத்துச் சலித்தாற் போன்ற இவ்வேலையை அலைகளே செய்துள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலைக்கும் பிராந்திக்கும் கடுமையான வரி இருந்தது. தேயிலை வரி நூற்றுக்கு 119 வரை ஏறி, 1784ஆம் ஆண்டில் இளைய பிட் அமைச்சராக இருந்தபோது 12½ ஆகக் குறைக்கப்பட்டது என்றால், அதற்கு முன் கள்ளக் கடத்தல் எவ்வளவு பெருகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இருட்டில் இக்கரையில் வந்திறங்கும் கடத்தற்காரர், ஒரு பிடி கல்லை அள்ளிக் கையால் தடவிப் பார்த்தே தாம் இறங்கிய இடம் எது என்று அறிந்துகொள்வர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. விளக்கும் வரைபடமும் இல்லாதவனுக்குக் கூழாங்கல்லே எழுத்தாயிற்று.

இனி, இக்கரையின் துயரப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுவோம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், தென்மேற்குக் காற்றில் அகப்பட்டு இவ்விரிகுடாவுக்குள் தள்ளப்பட்ட கப்பல் மீள்வது அரிது. நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி இதற்கு இறந்தவர் விரிகுடா என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1795ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுகளை நோக்கிப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுள் ஆறு இக்கரையில் மோதி உடைந்தன. 200 பேருக்கு மேல் மாண்டனர். 1815ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பம்பாயிலிருந்து திரும்பிய அலெக்சாண்டர் என்னும் கப்பலும் இங்கேயே நொறுங்கியது. கரையேறி உயிர் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்கள் லஸ்கர் என்று அழைக்கப்பட்ட கீழைநாட்டு மாலுமிகள். அவர்களுடைய பெயர்களை நான் எங்கும் கண்டதில்லை.

1824ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய பெரும்புயலில் கடல் இக்கற்சுவரையே தாண்டிற்று. போர்ட்லண்டின் அடிவாரத்தில் இருந்த சிசுவெல் என்னும் சிற்றூரில் வீடுகள் இடிந்து 20 பேருக்கு மேல் இறந்தனர். காயலின் கரையில் இருந்த பிளீட் என்னும் ஊரின் தேவாலயத்தில் கருவறைப் பகுதி மட்டுமே எஞ்சியது. எபெனீசர் என்னும் மரக்கலத்தை அலை தூக்கிக் கற்குவியலின் உச்சியில் வைத்துவிட்டது. பிறகு அதனை மறுபக்கத்து நீரில் இறக்கினார்களாம்.

மாணவ நண்பர்களே, இதுவரை சொன்னவை ஏட்டிலும் எழுதப்பட்டவை. இனிச் சொல்லப் போவதோ, கற்கள் மட்டுமே சாட்சி சொல்லும் வழக்கு.

செசில் கரைக்கு வடக்கே, உள்நாட்டில் சில மைல் தொலைவில், டார்செஸ்டர் நகரை அடுத்து மெய்டன் காசில் என்னும் குன்று உள்ளது. பெயரில் கோட்டை உண்டே தவிர, அங்கே கல்மதிலோ கொத்தளமோ இல்லை. இரும்புக் காலத்து மக்கள் 47 ஏக்கர் பரப்பை வளைத்து அடுக்கடுக்காக எழுப்பிய மண்ணரண்களும் அகழிகளுமே அதன் கோட்டை. 1934 முதல் 1937 வரையில் அங்கே அகழாய்வு நடத்தியவர் மார்ட்டிமர் வீலர். அவருக்கு உற்ற துணையாய் நின்று பணியாற்றிய துணைவியார் டெஸ்ஸா, பணி முடியுமுன்பே 1936இல் காலமானார். அவ்வகழாய்வில், கோட்டையின் கிழக்கு வாயிலை ஒட்டிய இடத்தில் கூழாங்கற்கள் குவியலாகக் கிடைத்தன. ஒன்றன்று, நூறன்று, 20,000க்கு மேல்!

அக்குன்று சுண்ணப்பாறையால் ஆனது. கடலில் உருண்டு வழவழப்பான கற்கள் அதன் உச்சியில் தாமே முளைக்க மாட்டா. யாரோ அவற்றைச் செசில் கரையிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். எதற்காக? கவணுக்காக! தினைப்புனத்தில் கிளியோட்டக் குறவர் மகளிர் ஏந்திய கவணை நம் சங்க நூல்களில் கண்டிருக்கிறீர்கள். அதே கருவி போர்க்களத்தில் கொடிய படைக்கலமாகும். கவண் எறிபவனுக்குக் கற்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எடையில் இருத்தல் வேண்டும். எடை மாறினால் கல் விழும் தொலைவு மாறும், குறி தப்பும். கற்களை அளவு வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் கரை ஒன்று அருகில் இருக்கும்போது அவர்களுக்கு வேறென்ன குறை? வேண்டிய அளவுக் கல் எங்கே கிடைக்கும் என்பதை அறிந்து, அங்கே சென்று பொறுக்கி, மேட்டில் ஏற்றி, வாயிலருகே குவித்து வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லும் எழுதி வைக்காத மக்களின் அச்சம், முன்னறிவு, உழைப்பு ஆகிய மூன்றும் அக்கற்குவியலில் எழுதப்பட்டுள்ளன.

இதுவரை கற்கள் சொன்னவை. இனி, மனிதர் சொன்ன கதையைப் பாருங்கள்.

அவ்வாயிலின் அருகே வீலர் எலும்புக்கூடுகள் பலவற்றையும் கண்டார். சில மண்டையோடுகளில் ஆழ்ந்த வெட்டுக்கள் இருந்தன. ஒருவனுடைய முதுகெலும்பில் இரும்பு முனை ஒன்று தைத்திருந்தது. கி.பி. 43இல் ரோமானியப் படைகள் பிரிட்டன்மீது படையெடுத்தன. அப்படைத் தலைவருள் ஒருவரும் பின்னாளில் பேரரசருமான வெஸ்பாசியன், இருபதுக்கு மேற்பட்ட அரண்களைக் கைப்பற்றினார் என்று சூட்டோனியஸ் என்னும் ரோமானிய ஆசிரியர் எழுதியுள்ளார். வீலர் இரண்டையும் இணைத்தார். ரோமானியர் தாக்கினர், கோட்டை மக்கள் கவண்கல்லை எறிந்து எதிர்த்தனர், வாயில் வீழ்ந்தது, மாண்டவர்களை எஞ்சியோர் இரவோடிரவாகப் புதைத்தனர் என்று கண்முன் நிகழ்வது போல எழுதினார். 1943இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அக்கதை பாடநூல்களிலும் ஏறி நிலைத்தது.

பின்வந்த ஆய்வாளர் பலர் இக்கதையை ஐயுற்றனர். வீலர் தோண்டிய நாளில் கரிமக் காலக்கணிப்பு என்ற முறையே இல்லை. அது 1949ஆம் ஆண்டளவில் லிப்பி என்னும் அமெரிக்க அறிஞரால் உருப்பெற்றது. போர்ன்மத் பல்கலைக்கழகத்தார் அவ்வெலும்புகளை அம்முறையால் மீண்டும் ஆராய்ந்து, 2025இல் முடிவை வெளியிட்டனர். அம்மனிதர்கள் ஒரே நாளில் மாண்டவர்கள் அல்லர். கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரையில், சில தலைமுறைகளாக, வேறு வேறு காலங்களில் இறந்தவர்கள். ரோமானியர் வந்து செய்த ஒரே படுகொலை என்பதற்கு மாறாக, அவர்கள் வருமுன்பே அம்மக்களுக்குள் நிகழ்ந்த பூசல்களையே எலும்புகள் காட்டுகின்றன என்பது அவர்கள் கருத்து.

எவ்வளவு பெரிய மாற்றம், பார்த்தீர்களா! கற்கள் மாறவில்லை, எலும்புகளும் மாறவில்லை. அவற்றை வைத்து நாம் எழுதிய கதை மாறிவிட்டது. பெரிய பேரரசு ஒன்றின் பெயர் ஏட்டில் இருந்தால், எது நிகழ்ந்தாலும் அதை அப்பேரரசின் கணக்கில் எழுதிவிட மனம் விரும்புகிறது. எழுதி வைக்காத சிறு மக்களுக்கும் தமக்கென்று பகையும் நட்பும், வாழ்வும் வீழ்வும் இருந்தன என்பதை அது மறந்துவிடுகிறது.

இங்கே தமிழ் மாணவர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இதே வீலர்தான் 1944இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக வந்து, 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தியவர். அங்கே இத்தாலி நாட்டுச் செந்நிற மட்கலங்களின் ஓடுகளும், மது கொண்டுவந்த சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. காலம் தெரிந்த அவ்வோடுகளைத் துணைகொண்டு, உடன் கிடைத்த உள்நாட்டு மட்கலங்களுக்கும் காலம் கணித்தார். தென்னிந்திய வரலாற்றுக்கு அது பெருந்தொண்டு. ஆனால் அங்கும் அவர் பார்வையின் நடுவே ரோமானியரே நின்றனர். இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்றே அவ்வூருக்கு அவர் பெயரிட்டார். 1989 முதல் 1992 வரையில் விமலா பெக்லி அம்மையாரின் தலைமையில் அங்கே மீண்டும் அகழ்ந்தபோது, ரோமானிய வணிகம் செழிப்பதற்கு முன்பே அவ்வூர் இருந்தது என்பதும், அவ்வணிகம் தளர்ந்த பின்னும் மக்கள் அங்கே வாழ்ந்தனர் என்பதும் புலனாயின. டார்செட்டின் குன்றிலும் புதுவையின் ஆற்றங்கரையிலும் ஒரே பாடம்!

இதனால் வீலர் குறைந்தவர் என்று எவரும் கருதிவிடலாகாது. அவர் கட்டங்கட்டமாக நிலத்தைப் பிரித்துத் தோண்டினார், மண்ணடுக்குகளை வரைந்தார், எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். அவ்வாறு குறித்து வைத்ததனாலேயே பின்வந்தோர் அவரைத் திருத்த முடிந்தது. தன்னைத் திருத்துவதற்கு வேண்டிய சான்றையும் தானே காத்துக் கொடுப்பவனே நல்ல வரலாற்றாசிரியன். கதை பிழைபடலாம், சான்று அழிந்துவிடலாகாது.

செசில் கரையில் என் பேரன் முட்டை வடிவான கல் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அங்கே கற்களை எடுத்துச் செல்லுதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. திரும்ப வைக்கும்படி சொன்னேன். "ஒரே ஒரு கல்தானே, தாத்தா! இங்கே கோடிக்கணக்கில் கிடக்கிறதே!" என்றான் அவன். நியாயமான கேள்விதான். செசில் கடற்கரையைப் பெயரிலேயே கொண்ட நாவலை 2007இல் வெளியிட்ட இயன் மெக்கூவனும், எழுதும் மேசையில் வைத்துக்கொள்ளச் சில கற்களை எடுத்துச் சென்று, தண்டம் விதிக்க நேரும் என்று அறிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். எழுத்தாளருக்கும் சிறுவனுக்கும் தோன்றிய எண்ணம் ஒன்றே.

அவ்வெண்ணத்துக்கு விடை, அண்டைக் கோட்டமான டெவனில் கிடைக்கிறது. அங்கே ஹால்சாண்ட்ஸ் என்று ஒரு மீனவர் சிற்றூர் இருந்தது. ஊருக்கு முன்னே பரற்கரை, பின்னே பாறை. பிளிமத் நகரை ஒட்டிய கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்குவதற்காக, 1897 முதல் அவ்வூரின் முன்னிருந்த கடலடிக் கற்களை இயந்திரங்களைக் கொண்டு அள்ளினார்கள். அள்ளிய இடத்தைக் கடலே மீண்டும் நிரப்பிவிடும் என்று பொறியியலார் நம்பினர். ஏறத்தாழ 6,50,000 டன் கல் போயிற்று. கடல் நிரப்பவில்லை. கரை தாழ்ந்தது, சுவர்கள் விரிசல் கண்டன, மீனவர் முறையிட்டனர். 1902இல் அள்ளும் உரிமை நீக்கப்பட்டது. ஆனால் தீங்கு முன்னமே நேர்ந்துவிட்டது. 1917ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இரவு, பேரலைகள் தடுப்பாரின்றி ஊருக்குள் புகுந்தன. உயிர்ச்சேதம் இல்லாதது ஒன்றே ஆறுதல். மறுநாட்களில் வாழத்தக்கதாய் எஞ்சிய வீடு ஒன்றே ஒன்று! கற்கரை வற்றாத ஊற்றன்று. உள்ளதே உள்ளது என்று முன்பு சொன்னேனே, அதன் பொருள் இதுதான்.

இக்கதையைச் சொல்லி முடித்தபோது என் பேரன் கல்லைக் கையில் வைத்துச் சிறிது நேரம் உருட்டிப் பார்த்தான். பிறகு, எடுத்த இடத்தைத் தேடி அங்கேயே வைத்துவிட்டு, "அந்தக் கவண்காரர்கள் மட்டும் எடுத்தார்களே?" என்று கேட்டான். அவர்கள் எடுத்ததும் இன்று வரலாறாகிவிட்டது. கேட்பாரற்று எடுக்கும் உரிமை நமக்கு அதனால் வந்துவிடாது என்றேன்.

மாணவர்களே! நம் நாட்டில் பரற்கரைகள் அரியவை. ஆயினும், கல்லும் ஓடும் பேசும் நிலம் நம்முடையது. ஏரி தூர்வாரும்போதும், கிணறு தோண்டும்போதும், மழை அரித்த மேட்டிலும் பானையோடும், மணியும், பழங்காசும் வெளிப்படுகின்றன. கீழடியில் 1970களில் கிணறு தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்களைப் பள்ளி மாணவரும் அவர்தம் ஆசிரியரும் கண்டு, உரியவர்களுக்குத் தெரிவித்தனர். 2015இல் அங்கே அகழாய்வு தொடங்கிய பின்னர் அவ்வூரின் பெயரை நாடே அறிந்தது. அத்தகைய பொருள் உங்கள் கண்ணிற்பட்டால், அழகாயிருக்கிறது என்று வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். எந்த ஊர், எந்த மேடு, எவ்வளவு ஆழம், அருகில் வேறென்ன கிடந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியருக்கும், அவர் வாயிலாகத் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். இடத்தை விட்டுப் பெயர்ந்த ஓடு, வாய்கட்டப்பட்ட சாட்சியைப் போன்றது.

இன்று நாம் அதற்குச் சொல்லும் பொருள் தவறாகவும் இருக்கலாம். நமக்குப் பின் வருபவர்கள், நம்மைவிடக் கூர்மையான கருவிகளோடு வந்து, அதே கல்லிடம் அதே கேள்வியை மீண்டும் கேட்பார்கள். அப்போது விடை சொல்ல, அக்கல் அங்கே இருக்க வேண்டும்.